பாரடே பேசக் கற்ற வரலாறு

காந்தத்தின் துணைகொண்டு மின்சாரத்தை உண்டாக்கலாம் என்று 1831-ஆம் ஆண்டில் கண்டு காட்டியவர் மைக்கேல் பாரடே. அவர் பெயரைச் சொல்லாத விஞ்ஞானப் பாடநூல் இல்லை. மின்சார விளக்கு எரிவதும், ஆலை இயங்குவதும், அன்று அவர் கம்பிச் சுருளுக்குள் ஒரு காந்தத்தை நுழைத்து எடுத்ததன் பயனே. ஆயினும், அவர் காலத்து இலண்டன் மக்கள் பாரடேயைப் போற்றியது இந்தக் கண்டுபிடிப்புக்காக மட்டும் அன்று. கடினமான பொருளை எவர்க்கும் விளங்குமாறு எடுத்துரைப்பதில் அவருக்கு ஈடானவர் அந்நாளில் இலர் என்று அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்டோர் எழுதி வைத்திருக்கின்றனர்.

இந்தத் திறமை அவருக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மை அன்று. 1791-ஆம் ஆண்டில் ஓர் ஏழைக் கொல்லருக்கு மகனாகப் பிறந்த அவர், எழுத்தும் வாசிப்பும் கணக்கும் சிறிதளவு கற்றதோடு பள்ளியை விட்டார். உயர்ந்த குடும்பத்தாரின் பேச்சுமுறை அவருக்குத் தெரியாது, இலக்கணமும் தடுமாறும். இத்தகைய ஒருவர், பேசுவதையே தனியான ஒரு பாடமாகக் கொண்டு, வேதியியலை எவ்வளவு ஊன்றிப் பயின்றாரோ அவ்வளவு ஊன்றிப் பயின்றார் என்பதே கருதத்தக்கது. கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்க்கு அவருடைய ஆராய்ச்சிகளினும் இந்தப் பயிற்சியின் வரலாறு பயன் மிகுந்தது எனலாம்.

புத்தகம் கட்டும் கடையில்

பதினான்காம் வயதில் பாரடே, ரீபோ என்பவரின் கடையில் புத்தகம் கட்டும் தொழிலைக் கற்கச் சேர்ந்தார். ஏழாண்டுப் பயிற்சி. கட்டுவதற்கு வந்த நூல்களை, கட்டும் முன் படித்துவிடுவது அவர் வழக்கம். அங்ஙனம் அவர் கையில் கிட்டிய நூல்களுள் ஒன்று, ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எழுதிய ‘வேதியியல் உரையாடல்கள்’. 1806-ஆம் ஆண்டில் ஆசிரியர் பெயர் இன்றி வெளிவந்த நூல் அது.

அந்நூல் பிறந்த விதமே ஒரு பாடம். ஹம்ப்ரி டேவி என்னும் புகழ்பெற்ற வேதியியல் அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்கச் சென்ற மார்செட் அம்மையாருக்கு முதலில் ஒன்றும் தெளிவாகவில்லை. அடிப்படை தெரியாமல் கேட்டதால் ஒரு செய்தி மற்றொன்றோடு கலந்து குழம்பியது. பின்னர் நண்பர் ஒருவரோடு அவற்றைப் பேசிப் பார்த்தபோதுதான் விளங்கத் தொடங்கியது. தமக்கு விளங்கிய வழியையே பிறர்க்கும் ஏன் காட்டக்கூடாது என்று எண்ணிய அவர், ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவியரும் வினாவியும் விடையிறுத்தும் செல்லும் முறையில் நூலை அமைத்தார். மாணவியருள் ஒருத்தி அமைதியாகச் சிந்திப்பவள். மற்றவள் துடுக்கானவள், எளிதில் ஒப்புக்கொள்ளாதவள். படிப்பவர் மனத்தில் எழும் ஐயத்தை அவளே கேட்டுவிடுவாள். கல்லூரி செல்ல வாய்ப்பற்ற பெண்களை எண்ணி எழுதப்பட்ட அந்நூல், கல்லூரி செல்ல வாய்ப்பற்ற ஒரு தொழிலாளச் சிறுவனைக் கண்டுபிடித்தது. அதில் கண்ட செய்திகளைச் சிறு சோதனைகளால் தாமே சரிபார்த்து, அவை உண்மை எனக் கண்டதைப் பாரடே பிற்காலத்தில் நன்றியோடு நினைவு கூர்ந்தார். தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அந்த அம்மையாருக்கு அனுப்பி வைக்கவும் செய்தார்.

1810-ஆம் ஆண்டு முதல் டாட்டம் என்பவர் தம் இல்லத்தில் நடத்திய மாலை வகுப்புகளுக்குப் பாரடே சென்றார். ஒரு வகுப்புக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தவர் அவருடைய தமையனார்; அவரும் கொல்லர் வேலை செய்தவரே. 1812-இல், கடைக்கு வரும் ஒருவர் அன்பினால் அளித்த அனுமதிச் சீட்டைக் கொண்டு, ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் விஞ்ஞான நிலையத்தில் டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளை மேல்மாடத்தில் அமர்ந்து கேட்டார். கேட்டதை எல்லாம் படங்களோடு விரித்து எழுதி, முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்தக் குறிப்பைத் தாமே அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அந்நிலையத்திலேயே அவருக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் இருபத்தைந்து ஷில்லிங். தங்குவதற்கு மாடியில் இடம்.

இருபத்தொரு வயது இளைஞரின் கடிதங்கள்

பிறர் சொற்பொழிவாற்றும்போது கருவிகளை எடுத்து வைப்பதும், சோதனைகளுக்கு உதவுவதும் அவர் வேலை. பேசுபவருக்கு அருகில் நின்றமையால், பேசுபவரை மட்டுமன்றிக் கேட்போர் முகங்களையும் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. எந்த இடத்தில் அவை அசைந்து கொடுக்கிறது, எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறது, எப்போது அனைவரும் முன்னே சாய்ந்து பார்க்கின்றனர் என்பதை எல்லாம் கவனித்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்று திங்கள் ஆகும் முன், 1813 ஜூனில், தம் நண்பர் ஆபட் என்பவருக்கு இதுபற்றித் தொடர்ந்து சில கடிதங்கள் எழுதினார். ஒரு சொற்பொழிவைக்கூட அதுவரை நிகழ்த்தியிராத இளைஞர் ஒருவரின் கடிதங்கள் அவை. இன்று படித்தாலும் அவற்றுள் தள்ளத்தக்கது மிகச் சிறிதே.

அவர் தொடங்குவது பேச்சிலிருந்து அன்று, மண்டபத்திலிருந்து. இருக்கைகள் எங்ஙனம் அமைய வேண்டும், எல்லோருக்கும் மேசை தெரிகிறதா, நல்ல காற்று வந்து போக வழி உண்டா என்று கேட்கிறார். மூச்சு முட்டும் அறையில் எவ்வளவு நல்ல பேச்சும் எடுபடாது என்பது அவர் கருத்து. வெப்ப நாட்டு வகுப்பறைகளில் பிற்பகற் பாடம் நடத்தியவர் எவரும் இதை மறுக்கமாட்டார். அடுத்துக் கருவிகள்: பேசுபவரை மறைக்கும்படி மேசையில் கருவிகளைக் குவிக்கலாகாது, தேவையற்றது ஒன்றும் கண்ணில் படலாகாது. சோதனை எளிதாக இருத்தல் வேண்டும். ஒன்றைக் காட்டி மெய்ப்பிக்க ஒன்றே போதும் எனில் இரண்டாவது வேண்டா. பேசுபவர் அவையை நோக்கியே பேச வேண்டும், முதுகைக் காட்டலாகாது. விரைந்து பேசலாகாது. ஒரு மணி நேரத்திற்கு மேல் பேசலாகாது. கைதட்டலைக் கெஞ்சிப் பெறுவது போன்ற தோற்றம் அறவே கூடாது. தொடக்கத்தில் ஏற்றிய ஆர்வச் சுடரை முடிவு வரை அணையாமல் காத்தல் வேண்டும் என்கிறார். சுடர் என்னும் உவமை, நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் அவர் நிகழ்த்தப்போகும் சொற்பொழிவை எண்ணும்போது வியப்பளிக்கிறது.

கடிதம் எழுதிய கையோடு அவர் மேடை ஏறிவிடவில்லை. 1816 ஜனவரியில்தான், தம்மைப் போன்ற தொழிலாள இளைஞர்கள் கூடிய ஒரு கழகத்தில் முதற் சொற்பொழிவை நிகழ்த்தினார். 1818-இல் ஸ்மார்ட் என்னும் பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடம் கேட்டார். ஒரு பாடத்திற்குக் கட்டணம் அரைக் கினி, அதாவது பத்தரை ஷில்லிங். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பெற்ற வாரச் சம்பளத்தில் பாதிக்குச் சற்றே குறைவு. நண்பர் சிலரோடு கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தும் வழக்கத்தையும் மேற்கொண்டார். புகழ் பெற்ற பின்பும் இந்த விழிப்பு அவரை விட்டு நீங்கவில்லை. பேசும்போது வேகம் மிகுந்துவிட்டால், ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையை உதவியாளர் ஆண்டர்சன் அவர் கண்ணில் படும்படி வைப்பார். மணி முடியும் வேளையில் ‘நேரம்’ என்று எழுதிய அட்டை வரும். ஐரோப்பாவே போற்றிய அறிஞர், தம் உதவியாளர் நீட்டும் அட்டைக்குக் கட்டுப்பட்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை அவை

1826-ஆம் ஆண்டில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளைப் பாரடே ஒழுங்குபடுத்தித் தொடங்கினார். நூற்றுக்கு மேற்பட்டவற்றை அவரே நிகழ்த்தினார். அவ்வாண்டில் அவர் ஆராய்ந்து பேசிய பொருள்களுள் ஒன்று ரப்பர். மலாயாவுக்கு ரப்பர்க் கன்று வந்து சேர்ந்த 1877-ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது அது. வெள்ளிக்கிழமைகளில் வந்தவர்கள் பிரபுக்கள், மருத்துவர், வழக்கறிஞர், எழுத்தாளர், அவர்தம் மனைவியர். அறிவுடையோர், ஆனால் விஞ்ஞானம் பயிலாதோர். அவர்களுக்குப் பாரடே வைத்த விருந்து புதுமை. அப்போதுதான் கண்டறியப்பட்ட செய்தியை, ஆய்வுக்கூடத்துச் சூடு ஆறும் முன் மேடைக்குக் கொண்டு வந்தார். கேட்போர் முழுவதையும் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இயற்கையின் ஒரு மூலை அன்றைக்குத் திறக்கப்பட்டது என்பதை அவர்கள் கண்ணால் கண்டு செல்வதே நோக்கம்.

சிறுவர் அவையோ வேறு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்க்காக நடத்தப்படும் சொற்பொழிவு வரிசை 1825-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது சில ஆண்டுகள் தடைப்பட்டதைத் தவிர இன்றளவும் அது நடைபெற்று வருகிறது. 1827 முதல் 1860 வரை பத்தொன்பது முறை பாரடே அதை ஏற்று நடத்தினார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. 1855-இல் விக்டோரியா அரசியாரின் மக்கள் இருவரும் அங்கே வந்து மற்றச் சிறுவர்களோடு அமர்ந்து கேட்டனர்.

மெழுகுவத்தி

அவ்வரிசைகளுள் அழியாப் புகழ் பெற்றது மெழுகுவத்தியைப் பற்றியது. 1848-இல் ஒரு முறையும், 1860-இல் மீண்டும் ஒரு முறையும், ஆறு சொற்பொழிவுகளாக அதை நிகழ்த்தினார். இரண்டாம் முறை சுருக்கெழுத்தில் பதிவு செய்யப்பட்டு, வில்லியம் குரூக்ஸ் என்னும் அறிஞரால் தொகுக்கப்பட்டு, 1861-இல் நூலாக வெளிவந்தது.

தேர்ந்த பொருளைப் பாருங்கள். மின்சாரத்தில் உலகுக்கே வழிகாட்டிய ஒருவர், அறுபத்தொன்பதாம் வயதில் சிறுவர் முன் எடுத்து வைத்தது அடுக்களையில் கிடக்கும் ஒரு மெழுகுவத்தியை! முதல் நாளில் அவர் வேதியியலின் ஒரு விதியையும் கூறவில்லை. வத்தி எரியும்போது அதன் தலையில் ஒரு சிறு கிண்ணம் உண்டாகிறதே, அது ஏன் என்று கேட்கிறார். சுடரின் வெப்பத்தால் மேலெழும் காற்று, கீழிருந்து குளிர்ந்த காற்றை வத்தியின் பக்கங்களை ஒட்டி இழுக்கிறது. அதனால் ஓரம் குளிர்ந்து உருகாமல் நிற்கிறது. நடுப்பகுதி உருகித் தேங்குகிறது. இதை விளக்கிவிட்டு, வரிவரியாகச் செதுக்கிய அழகு வத்தி ஒன்றை ஏற்றிக் காட்டுகிறார். அதன் ஓரம் ஒழுங்கற்று இருப்பதால் காற்று ஒரே சீராகச் செல்வதில்லை. கிண்ணம் உடைந்து மெழுகு வழிகிறது. பார்வைக்கு அழகானது வேலைக்கு ஆகவில்லை. சிறுவர்கள் சிரித்திருப்பார்கள்; ஆனால் காற்றோட்டத்தைப் பற்றிய பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வினா: உருகிய மெழுகு திரியின் வழியே மேலே ஏறுவது எப்படி? கை கழுவிய பின் துவாலையின் ஒரு நுனியைத் தொட்டியில் கிடக்கும்படி விளிம்பின் மேல் போட்டுவிட்டால், தொட்டி நீர் துவாலை வழியே ஏறி வெளியே சொட்டுவதை நினைவூட்டுகிறார். தவறு செய்து தாயிடம் வசை கேட்ட சிறுவர் எல்லோருக்கும் நுண்துளை வழியே நீர்மம் ஏறும் தன்மை அந்த நொடியில் விளங்கியிருக்கும்.

பின்னர்ச் சுடரை ஊதி அணைக்கிறார். திரியிலிருந்து எழும் வெண்புகையில், திரிக்கு இரண்டு மூன்று அங்குலத்திற்கு அப்பால் ஒரு சிறு நெருப்பைக் காட்டுகிறார். தீ புகையின் வழியே பாய்ந்து சென்று திரியைப் பற்றிக்கொள்கிறது. எரிவது மெழுகு அன்று, மெழுகின் ஆவி என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுமோ? அதுவும் போதாதென்று, வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் கருமையான நடுப்பகுதியில் வைத்து, மறுமுனையில் வெளிவரும் ஆவியைக் கொளுத்திக் காட்டுகிறார். ஒரு வத்தியில் இரண்டு சுடர்!

இங்ஙனம் சுடரிலிருந்து புறப்பட்டு, எரிதலால் நீர் உண்டாவதையும், அந்நீரைப் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிடைப்பதையும், காற்றின் இயல்பையும், கரியமிலவாயுவையும் ஒவ்வொன்றாகக் கடந்து, ஆறாம் நாளில் அவர் வந்து சேரும் இடம் மனித உடல். வத்திச் சுடருக்கு மேலே பிடித்த கலத்தில் சுண்ணாம்பு நீர் பால்போல் ஆயிற்று. வாயால் ஊதிய மூச்சிலும் அதே சுண்ணாம்பு நீர் பால்போல் ஆகிறது. நம்முள்ளும் ஒருவகை எரிதல் நடைபெறுகிறது. ஒருவன் ஒரு நாளில் ஏறத்தாழ ஏழு அவுன்சு கரியைக் கரியமிலவாயுவாக மாற்றுகிறான் என்று கணக்கும் சொல்கிறார். நாம் வெளிவிடுவதைச் செடி உட்கொள்கிறது. மெழுகுவத்தியில் தொடங்கிய பேச்சு உயிரினம் அனைத்தையும் இணைக்கும் சங்கிலியில் நிற்கிறது. இடையில் எந்தக் கண்ணியும் விடுபடவில்லை. சிறுவர் கண்ணால் காணாத எதையும் நம்பும்படி அவர் கேட்கவும் இல்லை. இந்தக் கல் கையைத் திறந்தால் கீழே விழும் என்று சொல்ல நேர்ந்தால், கையைத் திறந்து கல்லை விழச் செய்துவிட வேண்டும் என்பது இளம் பேச்சாளர்க்கு அவர் கூறிய அறிவுரை. காது கேட்பதைக் கண்ணும் கண்டாக வேண்டும்.

இந்நூல் ஜப்பானில் பெற்ற இடம் தனியானது. லித்தியம் அயனி மின்கலத்திற்காக 2019-ஆம் ஆண்டில் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அக்கிரா யோஷினோ, தாம் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது ஆசிரியர் ஒருவர் படிக்கச் சொன்ன இந்நூலே தம்மை வேதியியலுக்கு இழுத்தது என்று கூறியுள்ளார்.

சுரங்கத்திலும் செய்தித்தாளிலும்

பாரடேயின் கேட்போர் மண்டபத்துக்கு வந்தவர் மட்டும் அல்லர். 1844 செப்டம்பரில் இங்கிலாந்தின் வடபகுதியில் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்துத் தொண்ணூற்றைந்து ஆடவரும் சிறுவரும் மாண்டனர். மரண விசாரணைக்கு உதவும்படி அரசாங்கம் பாரடேயையும் நிலவியல் அறிஞர் லயலையும் அனுப்பியது. இங்கே அவர் சொல்பவர் அல்லர், கேட்பவர். சுரங்கத்தில் இறங்கி, தொழிலாளரையும் மேற்பார்வையாளரையும் துருவித் துருவி வினவினார். வழக்காடிப் பழகியவர் போல் கேள்வி தொடுத்தார் என்று லயல் வியந்தார். சுரங்கத்துள் காற்றோட்டத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டபோது, ஒருவர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை எடுத்து வத்திச் சுடரில் தூவி, புகை செல்லும் வேகத்தைக் காட்டினார். வெடிமருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார் பாரடே. பையில் என்றனர். பை எங்கே? அவர் அமர்ந்திருந்ததே அந்தப் பை! திடுக்கிட்டு எழுந்தார் மேதை. ஆபத்தைப் பற்றி அறிவுரை சொல்ல வந்தவர் ஆபத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார் என்னும் இந்நிகழ்ச்சி சிரிப்புக்குரியது. ஆனால் ஆபத்தோடு அன்றாடம் பழகியவர் அதை ஆபத்தாகவே எண்ணுவதில்லை என்பதையும் அது காட்டிற்று. அவரும் லயலும் அளித்த அறிக்கை, வாயு மட்டுமன்றி நிலக்கரித் தூசியும் வெடிக்குக் காரணம் என்று தெளிவாகவே கூறியது. அதை மண்டபத்திலும் பேசினார். என்ன பயன்? தூசியின் கேட்டைச் சுரங்க உலகம் ஏற்றுக்கொள்ளப் பல்லாண்டுகள் கழிந்தன. கேட்க விரும்பாத அவைக்கு எவ்வளவு தெளிவும் போதுவதில்லை.

1855 ஜூலையில் அவர் பயன்படுத்திய மேடை ‘டைம்ஸ்’ செய்தித்தாள். நீராவிப் படகில் தேம்ஸ் நதியில் சென்றவர், நீர் முழுவதும் சாக்கடையாய்க் கிடப்பதைக் கண்டார். அதை எப்படிச் சொல்வது? வேதியியல் அளவைகளைப் பட்டியலிட்டிருக்கலாம். மாறாக, தம்மிடமிருந்த வெள்ளை அட்டைகளைக் கிழித்து, நீரில் எளிதில் அமிழும்படி நனைத்து, படகு நின்ற ஒவ்வொரு துறையிலும் போட்டுப் பார்த்தார். ஓர் அங்குலம் அமிழும் முன்னரே அட்டை கண்ணுக்கு மறைந்தது. இதையே செய்தித்தாளுக்கு எழுதினார். படித்தவர் எவரும் தாமே செய்து பார்க்கக்கூடிய சோதனை அது. ‘பஞ்ச்’ என்னும் நகைச்சுவை இதழ், தேம்ஸ் கிழவனிடம் பாரடே மூக்கைப் பிடித்துக்கொண்டு அட்டையை நீட்டுவதாகப் படம் வரைந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1858-ஆம் ஆண்டுக் கோடையில், நாற்றம் பாராளுமன்றத்திற்குள்ளேயே புகுந்த பிறகுதான் பெருஞ் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் பிறந்தது.

தோல்வி இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது மேசை விவகாரத்தில். 1853-இல் இலண்டன் இல்லங்களில் ஒரு பித்து பரவியது. பலர் சுற்றி அமர்ந்து மேசைமேல் கை வைத்தால், அது தானே நகரும், சுழலும். ஆவிகளின் வேலை என்றனர் சிலர், மின்சாரம் என்றனர் வேறு சிலர். மின்சாரத்தின் பெயர் இழுக்கப்பட்டதால் பாரடேயிடம் வினாக்கள் குவிந்தன. பலகைகளுக்கு இடையே கண்ணாடி உருளைகளை வைத்து, கை நகர்கிறதா மேசை நகர்கிறதா எனக் காட்டும் முள் ஒன்றையும் பொருத்தினார். முதலில் நகர்வது கையே என்று முள் காட்டியது. தம்மை அறியாமலே அமர்ந்தோர் மேசையைத் தள்ளினர். முள்ளைப் பார்த்துக்கொண்டே அமர்ந்தபோது மேசை நகரவே இல்லை! சோதனை மாசற்றது. ஆயினும் நம்பியவர் நம்பியபடியே இருந்தனர். ஏமாற்றம் அடைந்த பாரடே, 1854 மே மாதத்தில் மனப்பயிற்சி பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். தான் விரும்புவதையே உண்மை என எண்ணும் இயல்பை அடக்கிக்கொள்ளக் கல்வி கற்பிக்கவில்லை என்பதே அதன் குறை. 1862-இல் பள்ளிகளைப் பற்றி விசாரித்த குழுவின் முன்னும் அதை வற்புறுத்தினார். எளிய முறையில் விளக்கினால் விளங்கிக்கொள்ளாத சிறுவனைத் தாம் கண்டதில்லை என்று அங்கே அவர் கூறினார். பெரியவர்களைப் பற்றி அவர் அப்படிச் சொல்லவில்லை!

சொல் தேடியது

புதிய கருத்துக்குப் பழைய சொல் ஒத்து வராதபோது என் செய்வது? தமிழாசிரியர் அன்றாடம் சந்திக்கும் இச்சிக்கல் 1834-இல் பாரடேக்கும் வந்தது. மின்சாரம் பாய்ந்து நீர்மத்தைப் பிரிக்கும்போது, அது நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் அக்காலத்தார் ‘துருவம்’ என்றனர். துருவம் என்றால் காந்தம்போல் ஈர்ப்பது என்ற எண்ணம் தோன்றும். அவ்வெண்ணமே தவறு என்பது பாரடேயின் முடிவு. பேச்சில் தவறான கொள்கையை ஏற்றிச் செல்லும் சொல்லை அவர் வெறுத்தார். கிரேக்கம் அறியாத அவர், கேம்பிரிட்ஜில் இருந்த ஹியூவெல் என்னும் அறிஞருக்கு எழுதிக் கேட்டார். பல சொற்களை மாற்றி மாற்றி ஆராய்ந்த பின்பு ஆனோடு, காத்தோடு, அயான் என்னும் சொற்கள் பிறந்தன. கிரேக்கத்தில் அவை முறையே மேலேறும் வழி, கீழிறங்கும் வழி, செல்வது என்னும் பொருளுடையன. எலெக்ட்ரோடு என்பது மின்சாரம் செல்லும் வழி.

தமிழில் இன்று எலெக்ட்ரோடை மின்வாய் என்கிறோம். வாய் என்பதற்கு வாயில், வழி என்னும் பொருள்கள் உண்டாதலால் பாரடே விரும்பிய கருத்தை இச்சொல் அழகாகப் பிடித்துவிட்டது. நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்று அடைமொழி சேர்க்கும்போது அவர் ஒதுக்கிய ஏற்றத்தாழ்வு சிறிது திரும்ப வருகிறது என்பதும் உண்மையே. வகுப்பில் இச்சொற்களைக் கூறும் ஆசிரியர், வாய் என்பது என்ன என்று ஒரு முறை கேட்டுவிட்டு மேலே செல்லலாம்.

புரிந்துகொள்ளாத அவை

சிறுவர்க்கும் சீமாட்டிகளுக்கும் விளங்கியவர், ஓர் அவைக்கு மட்டும் நெடுங்காலம் விளங்கவில்லை. அந்த அவை கணித அறிஞர் அவை. பாரடே கணிதம் அறியாதவர். காந்தத்தின்மேல் தாளை வைத்து இரும்புத் தூளைத் தூவினால் வளைவு வளைவாக வரிகள் தோன்றுமே, அவ்வரிகள் வெறும் படம் அல்ல. விசை வெளியெங்கும் உண்மையாகவே அங்ஙனம் பரவியிருக்கிறது என்று அவர் எண்ணினார். நியூட்டன் காலந்தொட்டு இரு பொருள்கள் தொலைவிலிருந்தே ஒன்றையொன்று இழுக்கின்றன என்று கணக்கிட்டுப் பழகியோர்க்கு இது கற்பனையாகத் தோன்றியது. கணக்கோடு ஒத்துவரும் கொள்கை இருக்க, இந்தத் தெளிவற்ற விசைக்கோடுகளை நாட எவரும் தயங்குவர் என்ற கருத்தில் 1855-இல் எழுதினார் அரசாங்க வானியலாளர் ஏய்ரி. இருபதாண்டுகளுக்கு மேல் படமாகவும் சோதனையாகவும் சொல்லி வந்த கருத்து அது. மேடையில் எவரையும் தம்பால் இழுத்த பாரடேயின் சொல், சமன்பாட்டில் சிந்திப்பவரிடம் செல்லுபடியாகவில்லை. அவர்களுடைய மொழி அவருக்குத் தெரியாது. அவருடைய மொழியைக் கற்க அவர்களுக்கு மனமில்லை.

இடையில் புகுந்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். இருபத்து நான்கு வயதில், பாரடேயின் விசைக்கோடுகளைக் கணித வடிவில் எழுதி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதைக் கண்ட பாரடே, இப்பொருளின்மேல் இவ்வளவு கணிதம் ஏவப்பட்டதைப் பார்த்து முதலில் அஞ்சியதாகவும், பின்னர்ப் பொருள் அதைத் தாங்கி நின்றதைக் கண்டு வியந்ததாகவும் 1857 மார்ச்சில் எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் மற்றொரு கடிதம். கணித அறிஞர் தம் முடிவை அடைந்த பின்பு, அதைக் குறியீட்டு மொழியிலிருந்து எளிய நடைமொழியிலும் பெயர்த்துத் தந்தால் என்ன, தம்மைப் போன்றோரும் அதைச் சோதனையால் ஆராயலாமே என்று அதில் கேட்டார். மாக்ஸ்வெல்லின் கடிதங்கள் அவ்வாறு முடிவைத் தெளிவாக உணர்த்துகின்றன என்றும் பாராட்டினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. நினைவு தளர்ந்துகொண்டிருந்தது. இலண்டனின் மிகச் சிறந்த விளக்கவுரையாளர், தமக்கு விளக்கும்படி தம்மினும் நாற்பது ஆண்டு இளையவரிடம் கேட்டார்.

1861-இல் சிறுவர் சொற்பொழிவை விட்டார். 1862 ஜூனில் கடைசி வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவை நிகழ்த்தினார். 1867 ஆகஸ்டில் மறைந்தார். ஆறாண்டுகள் கழித்து, 1873-இல், மாக்ஸ்வெல்லின் மின்சார காந்த நூல் வெளிவந்தது. மின்சாரத்தைப் பற்றிய கணிதம் எதையும் படிக்கு முன், பாரடேயின் ஆராய்ச்சிகளை முழுமையாகப் படித்து விடுவதென்று தாம் முடிவு செய்ததாகவும், வழக்கமான குறியீடுகள் இல்லாவிடினும் அவருடைய சிந்தனைமுறையும் கணிதமே என்று படிக்கப் படிக்க உணர்ந்ததாகவும் அதன் முன்னுரையில் அவர் எழுதியிருக்கிறார்.